குடத்தில் தண்ணீர் பிடிக்காதவள்

எங்கள் ஊர் மகளிர் குழுவுக்கு நான்தான் செயலாளர். பால்வாடி டீச்சர், கையெழுத்து கோணாமல் இருக்கும், கூட்டம் என்றால் நேரத்துக்கு வந்துவிடுவேன் என்று சொல்லி அந்த வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள். ஒரு மாசி மாதம் ராமநாதபுரத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். இந்த வருஷம் மகளிர் தினத்துக்குக் கோலப் போட்டியும் மியூசிக்கல் சேரும் வேண்டாம், ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்ப் பெண்களின் வரலாற்றைக் கொண்டாடலாம் என்றார். பழைய போட்டோ, பழைய சாமான் எல்லாம் வைத்து ஒரு கண்காட்சி. ஊருக்கு ஏதாவது செய்த ஒரு பெண்ணை மேடையேற்றிப் பொன்னாடை. அவர் கதையை எழுதி ஒருவர் மைக்கில் வாசிக்க வேண்டும். எல்லா ஊரிலும் வாசித்ததைச் சேர்த்துப் பிறகு ஒரு சின்னப் புத்தகமாகவும் போடுவார்களாம்.

அப்படி யார் இருக்கிறார்கள் என்று மேடம் கேட்டதும் கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே ஆளைச் சொன்னார்கள். எனக்கு அவர் சின்னம்மா முறை, பக்கத்துத் தெருச் சித்தப்பாவின் மனைவி. அம்மாவுக்கு ஏழெட்டு வயது இளையவர். எழுதுகிற வேலை, கேட்க வேண்டுமா, எனக்குத்தான்.

கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். திருவாடானையிலிருந்து நாங்கள் ஏழு மைல். எழுபதுகளின் நடுவில் இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் மழை பொய்த்துவிட்டது. ஊருணி வற்றி, அதன் தரையில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிறைவதற்குள் பாதிப் பொழுது போய்விடும். தாலுகா ஆபீசுக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஆண்கள் தினமும் பேசினார்கள். யாரும் போகவில்லை. ஒருநாள் காலையில் சின்னம்மா இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு திருவாடானை ரோட்டில் நடக்கத் தொடங்கினார். ஊருணியில் இருந்த பெண்கள் எல்லோரும் காலிக் குடத்தோடு பின்னாலேயே போனார்கள். தாசில்தார் முன்னால் நின்று, மனு எழுதிக் கொடுத்து, அன்றைக்கே தண்ணீர் லாரியோடு திரும்பினார்கள். லாரியைச் சுற்றி ஊரே மொய்த்தபோது சின்னம்மா மட்டும் ஒதுங்கி நின்றார். ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தவள் தன் குடத்தில் ஒரு சொட்டுகூடப் பிடிக்கவில்லை. கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் இந்தக் கடைசி வரியை யாராவது சொல்லிவிடுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் நானும் நடந்திருக்கிறேன். மூணாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி நடந்ததும், தார் சுட்டதும், ஆபீஸ் அறைக் கூரையில் சுழன்ற மின்விசிறியை வாய் பிளந்து பார்த்ததும் ஞாபகம் இருக்கிறது. அதற்கு மேல் எதுவும் இல்லை. அதனால் வீடு வீடாகப் போய்க் கேட்டேன்.

அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது. போனது இருபது பேர் என்றார் ஒருவர். அறுபதுக்குக் குறையாது என்றார் அடுத்த வீட்டுக்காரர். சித்திரை வெயில் என்றார்கள், இல்லை ஆடி, காற்றில் குடம் உருண்டது என்றார்கள். ஆபீஸ் பியூன் கேட்டைப் பூட்டிவிட்டார் என்று ஒரு வீட்டில் எழுதினேன். அதே பியூன் எல்லோருக்கும் மோர் கொடுத்தார் என்று அடுத்த வீட்டில் எழுதினேன். அன்றைக்குப் பிரசவ வலியில் வீட்டில் கிடந்தவர் என்று ஊரறிந்த ஒரு பெண், தானும் நடந்து வந்ததாகச் சத்தியம் செய்தார். நோட்டில் நாலு பக்கம் நிறைந்தது. எந்தப் பக்கத்தை நம்புவது என்று தெரியவில்லை. சரி, சம்பந்தப்பட்டவரையே கேட்டுவிடுவோம் என்று போனேன்.

சின்னம்மா களத்தில் உட்கார்ந்து மிளகாய் வத்தலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். வெளுத்ததை ஒரு பக்கம், நல்ல சிவப்பை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். எனக்கு இரண்டு தும்மல் வந்தது. தும்மி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"அதை எழுதாத தாயி. வேற ஆளைப் பாரு."

தன்னடக்கம் என்றுதான் நினைத்தேன். விடாமல் கெஞ்சினேன். ஊரே அவர் பெயரைத்தான் சொன்னது, மேடம் பேனருக்குச் சொல்லிவிட்டார், இனி மாற்ற முடியாது என்றேன். அவர் இன்னும் ஒரு கை வத்தலைத் தள்ளினார். சித்தப்பா மிளகாய் மூட்டையோடு சந்தைக்குப் போயிருந்தார். இருந்தாலும் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நான் தண்ணி கேக்கப் போகல" என்றார்.

பிறகு சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

சின்னம்மா பிறந்தது ராமேஸ்வரம் தீவில், அக்காள்மடத்தில். அவருடைய அப்பா இந்தப் பக்கத்து ஆள்தான், பனைத் தொழிலுக்காகத் தீவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். சின்னம்மா எட்டாவது வரை படித்தார். பதினெட்டு வயதில் எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். நாலாம் வருஷம் அவருடைய அண்ணனுக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்க அண்ணன் மட்டும் வந்தான், அப்பன் வரவில்லை, சம்பந்தியை மதிக்கவில்லை என்று மாமனாருக்குக் கோபம். அத்தோடு இரண்டு வீட்டுக்கும் இடையே போக்குவரத்து நின்றது. சின்னம்மாவை அந்தக் கல்யாணத்துக்கும் அனுப்பவில்லை. இரண்டு வருஷம் தாயின் முகத்தைப் பார்க்காமல் இருந்தார். அப்போது தொண்டிப் பக்கம் துணி விற்க வருகிற ஒரு பாய், தீவிலிருந்து செய்தி கொண்டுவந்தார். அம்மா படுத்த படுக்கை, மகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்று. மாமனாரிடம் கேட்டார். அவர் முதலில் அங்கிருந்து ஆள் வரட்டும் என்றார். புருஷனிடம் கேட்டார். அவர் அய்யாவைக் கேள் என்றார்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி யாரும் ஏன் என்று கேட்காமல் வீட்டைவிட்டுக் கிளம்ப ஒரே ஒரு வழிதான் இருந்தது, குடத்தை எடுப்பது. சின்னம்மா பெரிய பித்தளைக் குடத்துக்குள் ஒரு சேலையையும் ரவிக்கையையும் திணித்துக்கொண்டு கிளம்பினார். திருவாடானை வரை நடை, அங்கிருந்து ராமநாதபுரத்துக்குப் பஸ், அப்புறம் ரயில். அப்போது பாம்பனைத் தாண்ட ரோடு கிடையாது.

ஊருணியைக் கடக்காமல் திருவாடானை ரோட்டுக்கு வர முடியாது. கடந்தபோது என் அம்மா நிமிர்ந்து பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்டார். சின்னம்மாவுக்குப் பொய் வரவில்லை. திருவாடானைக்கு என்று உண்மையைச் சொல்லிவிட்டார். "தாலுகா ஆபீசுக்கா?" என்று அம்மா கேட்டார். ஆமாம் என்றார். அவர் சொன்ன பொய் அந்த ஒன்றுதான். அம்மா உடனே குடத்தைத் தூக்கிக்கொண்டு, நானும் வாரேன் என்று எழுந்தார். அம்மாவைப் பார்த்து அடுத்தவர். திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் பின்னால் கூட்டம் பெருகியிருந்தது.

"நான் வேகமா நடந்தேன். எல்லாரும் களைச்சுப் போய்த் திரும்பிருவாகன்னு நெனைச்சேன். ஒருத்தியும் திரும்பல தாயி."

போன பெண்களில் எழுதத் தெரிந்தவர் சின்னம்மா ஒருவர்தான். மனுவை அவரே எழுத வேண்டியதாயிற்று. எழுத ஆரம்பித்ததும் தனக்கே ஒரு வேகம் வந்துவிட்டது என்றார். கொட்டாங்கச்சியைப் பற்றியும், ஊற்றுக்குள் இறங்கிய பிள்ளைமேல் மண் சரிந்ததைப் பற்றியும் எழுதினாராம். தாசில்தார் படித்துவிட்டு, இதை யார் எழுதினது என்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு நாழிகை தன் தாயைச் சின்னம்மா மறந்தே போயிருந்தார். இதைச் சொல்லும்போது மட்டும் கை வத்தலில் அப்படியே நின்றது.

மத்தியானம் லாரி வந்து நின்றது. டிரைவர் எல்லோரையும் பின்னால் ஏறச் சொன்னார். எதிரில் ராமநாதபுரம் பஸ் புறப்படத் தயாராக நின்றது, கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தார். ஒரு ரோட்டைக் கடந்தால் போதும். "உங்கம்மாதான் கையைப் பிடிச்சு மேல தூக்குனா. நல்ல பிடி" என்றார் சின்னம்மா.

ஊருக்கு வந்ததும் சேலை இருந்த குடத்தில் எப்படித் தண்ணீர் பிடிப்பது? ஒதுங்கி நின்றார். அவ்வளவுதான். பதினோரு நாள் கழித்துத் தந்தி வந்தது. மாமனார் அப்போது எந்த மறுப்பும் சொல்லாமல் எல்லோரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ரயில் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டிருந்தார்கள். ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்த அம்மாள் வாசலைப் பார்த்தாராம். அண்ணி சொன்னாளாம்.

மேடம் கொடுத்த படிவம் என் கையில் இருந்தது. பெயர், வயது, சாதனை. சாதனைக்கு எதிரே இரண்டு கோடு இடம் விட்டிருந்தார்கள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வருத்தமா சின்னம்மா?" என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி.

"தண்ணி வந்துச்சுல்ல. அடுத்த வருசம் ஊருணியும் தூர் வாருனாக. அதெல்லாம் பொய்யா?" என்றார். இரண்டு வத்தலை வெளுத்த பக்கம் தள்ளிவிட்டு, "எனக்கே ஒண்ணும் தெளிவா இல்ல தாயி" என்றார்.

எழுந்தபோது அவரே ஒன்று கேட்டார். எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள், ஆனால் தன்னைப் பெற்ற அம்மாவின் பெயரை மைக்கில் ஒரு தடவை சொல்லிவிடு என்றார். பெயரைச் சொன்னார். சின்ன வயதிலிருந்தே பக்கத்துத் தெருவில் இருக்கிறேன், அந்தப் பெயரை அன்றுதான் கேட்டேன்.

வீட்டுக்கு வந்தும் அந்த 'நல்ல பிடி' என்ற வார்த்தை என்னை விடவில்லை. அம்மா முட்டிவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். விளம்பரம் வரும்வரை காத்திருந்து, அன்றைக்குச் சின்னம்மா குடத்தில் என்ன இருந்தது தெரியுமா என்று கேட்டேன். அம்மா திரும்பாமலே பதில் சொன்னார்.

"சேலை. முந்தி வெளிய தெரிஞ்சுச்சு."

தெரிந்துகொண்டா கூடப் போனீர்கள் என்று கேட்டேன். அம்மா நிதானமாக விளக்கினார். அந்தப் பெண் எதற்கோ வீட்டைவிட்டுப் போகிறாள் என்று பார்த்ததுமே புரிந்துவிட்டதாம். தனியாகப் போனால் பொழுது சாய்வதற்குள் ஓடிப்போனவள் என்று பெயர் கட்டிவிடுவார்கள். நாலு பேர் கூடப் போனால் அது ஊர்வேலை. அதனால் எழுந்தாராம்.

"எங்கே போறான்னு தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா சொல்லியிருப்பா. சொல்லிட்டா நான் தடுக்கணும்ல."

"அவங்க அம்மாவைப் பாக்கப் போனாங்க. சாகக் கெடந்தாங்க."

அம்மாவின் கை முட்டியிலேயே நின்றது. இது அவருக்குத் தெரியாது. தந்தி வந்தபோதுகூட இரண்டையும் சேர்த்து நினைக்கவில்லை. தெரிந்திருந்தால் பஸ் ஏற்றி விட்டிருப்பீர்களா என்று கேட்டேன். தைலப் புட்டியை மூடிவிட்டுத் தெரியவில்லை என்றார். சீரியல் திரும்ப ஆரம்பித்தது. பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் யார் பேசுகிறார்கள் என்று அவருக்கு விளங்கியிருக்காது.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பால்வாடியில் ஒரு வரிசைப் பிள்ளைகளுக்கு முட்டையை இரண்டு தரம் கொடுத்துவிட்டு மூன்றாவது வரிசையை மறந்தேன். அம்மா செய்தது உதவியா, கெடுதலா? ஒரு சமயம் சின்னம்மாவின் மானத்தைக் காப்பாற்றினார் என்று தோன்றும். கைகழுவப் போய் வருவதற்குள், அந்தக் கையை விட்டிருந்தால் அவர் பஸ் ஏறியிருப்பாரே என்று தோன்றும். அவர் ஏறியிருந்தால் தண்ணீர் வந்திருக்குமா? மனு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதே, வந்துதானே இருக்கும். அப்படியானால் அந்தப் பிடி எதற்கு? அம்மா சொன்னதைச் சின்னம்மாவிடம் போய்ச் சொல்வதா, வேண்டாமா? இரண்டு தடவை அவர் வீட்டு வாசல்வரை போய்விட்டு, மிளகாய் விலை கேட்டுத் திரும்பினேன்.

விழா பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. சாமியானா, மைக் செட், 'நம்ம ஊர்ப் பெண்கள்' என்று பிளெக்ஸ் பேனர். மேசையில் திருகை, மண்ணெண்ணெய் விளக்கு, ஒரு பழைய தையல் மெஷின், மங்கிப்போன கல்யாணப் போட்டோக்கள். துபாயில் மகன் இருக்கும் ஒரு முஸ்லிம் அக்கா, தன் மாமியார் பினாங்கிலிருந்து கொண்டுவந்த பீங்கான் தட்டை வைத்துவிட்டு, யாரும் தொடாமல் பக்கத்திலேயே காவல் நின்றார். சித்தப்பா தேய்த்த வேட்டி சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் அத்தனை பெருமை. அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் எழுதியது ஒரு பக்கம்தான். அக்காள்மடத்தில் இன்னார் பெற்ற மகள் என்று அந்தத் தாயின் பெயரில் தொடங்கினேன். காலையில் குடத்தோடு நடந்தார், பெண்கள் பின்னால் நடந்தார்கள், மனுவை அவரே எழுதினார், தண்ணீர் வந்தது. குடத்தில் தண்ணீர் பிடிக்காததை எழுதவில்லை. பொய் எழுதவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பெயரை வாசித்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. யார் அது, எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டார்கள். சித்தப்பா தலையைக் குனிந்து வேட்டி மடிப்பைச் சரி செய்தார். மேடையில் சின்னம்மா சால்வையைப் பிடித்தபடி என்னைப் பார்க்காமல் எதிரே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் கீழேயிருந்து குரல்கள் வந்தன, முக்கியமானதை டீச்சர் விட்டுவிட்டார் என்று. ஒரு பெண் மேடையேறி என்னிடமிருந்து மைக்கை வாங்கி, ஊருக்கே தண்ணீர் கொடுத்தவர் தனக்கு ஒரு சொட்டுப் பிடிக்கவில்லை என்று முழங்கினார். அன்றைய பெரிய கைதட்டல் அதற்குத்தான். சின்னம்மாவும் கும்பிட்டார்.

அதன் பிறகு எலுமிச்சைச் சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தேன், அம்மாவும் சின்னம்மாவும் தையல் மெஷினுக்குப் பின்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா ஏதோ சொன்னார். சின்னம்மா கேட்டுக்கொண்டே தன் பொட்டலத்தில் இருந்த ஊறுகாயை எடுத்து அம்மா இலையில் வைத்தார். எதைப் பற்றிப் பேசினார்கள் என்று வீட்டில் கேட்டேன். மிளகாய் விலை என்றார் அம்மா.

அடுத்த வருஷம் அந்தப் புத்தகம் வந்தது. எங்கள் ஊருக்கு முக்கால் பக்கம். நான் எழுதியதை யாரோ மாற்றி எழுதியிருந்தார்கள். அக்காள்மடத்தைச் சேர்ந்த தன் தாயாருடன் சேர்ந்து ஊர்ப் பெண்களைத் திருவாடானைக்கு அழைத்துச் சென்றார் என்று போட்டிருந்தது. அந்தத் தாயின் பெயரும் அச்சாகியிருந்தது. உடனே ராமநாதபுரத்துக்குப் போன் செய்தேன். மேடம் மன்னிப்புக் கேட்டு, அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம், எழுதி அனுப்புங்கள் என்றார்.

திருத்தத்தை எழுதிக்கொண்டு சின்னம்மாவிடம் போனேன். அவர் புத்தகத்தை வாங்கிக் கண்ணாடி போட்டு, அந்த வரியை விரல் வைத்துப் படித்தார். திரும்ப ஒருமுறை படித்தார்.

"இருக்கட்டும் தாயி" என்றார்.

"தப்பாச்சே சின்னம்மா."

"ஆமா. தப்புத்தான். இருக்கட்டும்."

செயலாளர் என்ற முறையில் நான் அதை அனுப்பியிருக்க வேண்டும். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா புத்தகத்தில் எங்கள் ஊரைப் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன். அந்த வரி வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"அவ ஆத்தாளும் நம்ம கூட வந்தாளா?"

நான் அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டேன். அம்மா கூரையைப் பார்த்தார்.

"வந்திருப்பா. கூட்டத்துல யாரு கண்டா" என்று சொல்லிவிட்டு, மேலே வாசிக்கச் சொன்னார்.